ஏரிக்கு நல்லவர்

அவரை நான் முதலில் வானொலியில்தான் கேட்டேன். விட்பியில் வேலை முடிந்து அஜக்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலை. 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லை. தமிழ் வானொலியில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் ஒன்ராறியோ ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தன்னிடம் பழைய பாய்ப்படகு ஒன்று இருக்கிறதாம். வசந்தம் தொடங்கி இலை உதிரும் காலம்வரை அதில் ரொறன்ரோத் தீவுகளுக்குப் போய், அங்கே குடியிருக்கும் வயதானவர்களுக்கு விறகும் வீட்டுச் சாமானும் கொடுப்பாராம். போகும் வழியில் கரைகளிலும் கற்களிலும் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்ரிக்கையும், தூண்டில் போடுபவர்கள் அறுத்து எறிந்த தங்கூசி என்ற நைலோன் நூலையும் பொறுக்கி எடுப்பாராம். தங்கூசி பறவையின் காலில் சுற்றினால் அந்தக் கால் அழுகி விழும்வரை விடாது என்று சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அந்தக் குரல் எனக்குப் பிடித்துப்போயிற்று.

எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சம்பளப் பிரிவில் வேலை. மகள் படிக்க வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். கணவர் சனிக்கிழமைகளில் நிலவறையில் இருந்து கிரிக்கெட் பார்ப்பார். அதற்கு முந்திய குளிர்காலத்தில்தான் நகரசபை நீச்சல் குளத்தில், சின்னப் பிள்ளைகளோடு நின்று நீந்தப் பழகியிருந்தேன். எனக்கென்று நான் செய்த முதல் காரியம் அது. பழகியதை வைத்து வேறு ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தது. வானொலி நிலையத்துக்கு அழைத்து அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கினேன். சனிக்கிழமை காலையில் ஸ்காபரோ மலைமுகட்டுக்குக் கீழே இருக்கும் படகுத்துறைக்கு வரச் சொன்னார். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். அவரும் அதையே விரும்பினார்.

அன்றைக்கு லைஃப் ஜாக்கெற்றை அவரே எனக்குப் போட்டு, பட்டிகளை இழுத்துச் சரிபார்த்தார். "பயப்பிடாதேயும். நான் இருக்கிறன்," என்றார். அவருடைய மனைவி படகின் முன்பக்கத்தில் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த கட்டைத் தலைமயிர். நான் அக்கா என்று வணக்கம் சொன்னபோது தலையை மட்டும் அசைத்தார்.

துறையை விட்டு வெளியே வருவதற்குள் அந்தக் கயிறு அக்காவின் கையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. அண்ணை வானொலியில் பேசிய குரலை அப்போது காணவில்லை. "உனக்கு உது கையோ, இல்லாட்டி தைச்சு விட்டதோ?" என்று கத்தினார். அக்காவின் முகம் மாறவில்லை. கயிற்றை இழுத்து, நீரைப் பிழிந்து, திரும்பவும் சுற்றினார். அண்ணை என் பக்கம் திரும்பி, பழைய மென்மையான குரலில், தூரத்து மிதவையில் சிறகு விரித்து நின்ற நீர்க்காகம் ஒன்றைக் காட்டினார். அதற்குச் சிறகில் எண்ணெய் குறைவு, அதனால்தான் காயவைக்கிறது என்று விளக்கம் சொன்னார். நானும் அந்தப் பறவையைப் பார்த்தேன்.

நகரத்துக்கு முன்னால் கிடக்கும் அந்தத் தீவுகளுக்கு நம்மவர்கள் பெரும்பாலும் கோடையில் இறைச்சி வாட்டப் போவார்கள். கிழக்கு முனையில் சில நூறு பேர் வருடம் முழுவதும் குடியிருக்கிறார்கள் என்பது எனக்கும் அதுவரை தெரியாது. கார் கிடையாது. எல்லாம் ஃபெரியில் வந்து, கைவண்டியில் வீட்டுக்குப் போகவேண்டும். நாங்கள் வழக்கமாகப் போனது ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியை ஒருவரின் வீட்டுக்கு. தனியாக இருந்தார். முழங்கால் இரண்டும் சரியில்லை. ஏரி பெருகித் தீவுக்குள் வெள்ளம் வந்த வருடம் அண்ணை ஒவ்வொரு நாளும் படகில் வந்து, மண்மூட்டை அடுக்கி, பம்ப் போட்டுத் தன் வீட்டைக் காப்பாற்றினார் என்று அந்த அம்மா முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது உண்மை. அவர் செய்யாததை யாரும் சொல்லவில்லை. விறகுக் கட்டுகளை அவர் தோளில் சுமந்துபோவதையும், அந்த அம்மாவின் படிக்கட்டில் உடைந்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை அடிப்பதையும் நானே பார்த்தேன்.

அந்தக் கோடை முழுவதும் போனேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. நுரைப்பஞ்சுத் துண்டுகள், போத்தல் மூடிகள், பலூன் நாடாக்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கூசி. கற்களுக்கு நடுவே கையை விட்டு இழுத்தால் தலைமயிர்ச் சிக்குப் போல வரும், தூண்டில் முட்களோடு. என் விரல் நுனிகளில் வெட்டு ஆறியதே இல்லை. வீட்டில் கணவர் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் எறிந்த குப்பையைப் பொறுக்கத்தான் கனடா வந்தீரோ என்று கேட்டார்.

ஒருநாள் தீவின் தெற்குக் கரையில் ஒரு கடற்புறா கிடந்தது. தூண்டில் முள் அலகுக்குள் போய்க் கழுத்தால் வெளியே வந்திருந்தது. தங்கூசி ஒரு சிறகையும் காலையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கால் கறுத்துப்போய் நாறியது. நான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாம் என்றேன். அண்ணை அதைத் தூக்கி, ஒரு கையால் உடம்பை அணைத்து, மறு கையால் கழுத்தைத் திருகினார். ஒரு சத்தம், அவ்வளவுதான். செய்தது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பிறகு அந்தப் பறவையை என் கையில் வைத்து, "பிடியும். சூடு ஆறமுதல் முள்ளைக் கழட்டவேணும்," என்றார். அது என் உள்ளங்கையில் இன்னும் இளகிக் கிடந்தது. அவர் கத்தியால் அதன் கழுத்தைக் கீறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பறவையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி மாதமளவில்தான் நான் வாயைத் திறந்தேன். ஆசிரியை அம்மாவின் வீட்டுக்கருகே இருக்கும் சின்ன இறங்குதுறையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தோம். அக்கா நீட்டிய பை கிழிந்து, முட்டையும் பாலும் மாவும் படகுக்கும் துறைக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தன. அந்த அம்மா கரையில் கோலூன்றி நின்றார். அண்ணை முகத்தில் சிரிப்பு மாறாமல், குரலையும் உயர்த்தாமல், தமிழில் அக்காவைத் திட்டினார். எழுத முடியாத சொற்கள். அக்காவின் தாயையும் அதற்குள் இழுத்தார். கடைசியில், "இண்டைக்கு வீட்டை வாவன், உனக்கு இருக்கு," என்றார். தமிழ் தெரியாத அந்த அம்மா, அவர் மனைவியை ஆறுதல்படுத்துகிறார் என்று நினைத்து, கவலைப்படாதே, முட்டைதானே என்று தானும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணை, அக்காவை அப்பிடிப் பேசாதேங்கோ," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஓம், நீர் சொல்லுறது சரி," என்றார். கார் நிறுத்தும் இடத்தில் எனக்கு நன்றிகூடச் சொன்னார். அக்கா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் போனார். நான் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அது எனக்கு வந்தது.

முதலில் சின்னச் சின்னதாக. நான் போட்ட முடிச்சை அவிழ்த்துத் துறையில் நின்ற எல்லாருக்கும் காட்டினார். நான் உடுத்தியிருந்த காற்சட்டையைப் பற்றி நக்கலாகச் சொன்னார். சம்பளக் கணக்குப் பார்க்கிற மூளைக்குக் காற்றுப் புரியாது என்றார். 'நீர்' என்பது எப்போது 'நீ' ஆனது என்று தெரியவில்லை. பாயின் அடியில் கிடக்கும் நீளத் தடியை பூம் என்பார்கள். படகைத் திருப்பும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். திருப்புவதற்கு முன் எல்லாரையும் குனியச் சொல்லவேண்டும். ஒருநாள் அவர் சொல்லாமலே திருப்பினார். தடி என் தோளில் அடித்து என்னைப் படகின் தரையில் விழுத்தியது. நான் எழுந்தபோது, "காது கேக்காதோ உனக்கு?" என்றார்.

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இளம்பெண்ணின் சிரிப்பு மாதிரி இருந்தது.

அதன்பிறகு அக்காவில் ஒரு மாற்றம் வந்தது. படகில் ஏறும்போதே ஏதாவது முணுமுணுத்துப் பாடினார். தலைமயிருக்குச் சாயம் போட்டார். கட்லட்டும் பற்றிசும் செய்து கொண்டுவந்தார். அண்ணை என்னை ஏசும்போது நடுவில் தானும் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் இருவரும் என்னை வைத்து ஒன்றாகச் சிரித்தபோது, ஒரு சந்தோஷமான தம்பதி மாதிரி இருந்தார்கள்.

ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று மகள் பிற்பாடு கேட்டாள். அக்காவுக்காகப் பொறுத்தேன் என்று சொன்னால் அது பொய். நான் செய்த வேலை நன்றாக இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரு தடவையாவது சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. அலுவலகத்தில் என் மேலாளர் சொல்லியிருக்கிறார், கணவர்கூட நல்ல மனநிலையில் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் எனக்குப் போதவில்லை. அவர் சொல்லவேண்டும்.

ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங் விடுமுறை வந்தது. படகுகளைக் கரையேற்றுவதற்கு முன் கடைசிப் பயணம். தீவுக்குக் கிழக்கே, ஏரிக்குள், அலையை மறிக்கப் போட்ட கல்லணை ஒன்று இருக்கிறது. கரையோடு தொடுப்பு இல்லை. கோடையில் பறவைகள் கூடு கட்டுவதால் அதில் கால் வைப்பதில்லை. அவை போன பிறகு, அங்கே சிக்கிக் கிடப்பவற்றை எடுப்பது வழக்கம். அண்ணை படகைக் கொஞ்சத் தூரத்தில் நிறுத்தி, ரப்பர் தோணியில் என்னைக் கல்லில் இறக்கிவிட்டார். கறுப்புக் குப்பைப் பைகள் சில தந்தார். தான் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு, குப்பை அள்ளும் கோலையும் எடுத்து வருவதாகச் சொன்னார். என் கைப்பையும் போனும் படகில் இருந்தன.

தோணி படகோடு சேர்ந்தது. அக்கா அதைப் பின்னால் கட்டினார். பிறகு பாய் ஏறியது. காற்று மாறுகிறது, படகை வேறு பக்கமாகக் கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்தேன். கல்லில் எழுந்து நின்று பார்த்தேன். படகு தீவைச் சுற்றி மறையும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

கற்கள் முழுவதும் பறவை எச்சம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. மூக்கு எரிந்தது. நடுவில் நீர்க்காகக் குஞ்சுகளின் எலும்புகள், சிலவற்றின் கழுத்தில் தங்கூசி. தொடக்கத்தில் வேலை செய்தேன். அவர்கள் வரும்போது பை நிரம்பியிருக்க வேண்டுமே. ஒரு பை நிரம்பியது. அவர்கள் வரவில்லை. காற்று தெற்கிலிருந்து எழும்பி, அலை கல்லில் அடித்து என்மேல் தெறித்தது. நனைந்த காற்சட்டை காலோடு ஒட்டியது. முன்னால் நகரம் முழுவதும் தெரிந்தது. அந்த உயரமான கோபுரம், கண்ணாடிக் கட்டடங்கள், தீவு விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள். ஒரு சுற்றுலாப் படகு வந்தது. நான் கல்லின் உச்சியில் ஏறி இரண்டு கையையும் வீசினேன், கத்தினேன். மேல்தளத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு எனக்குக் கையசைத்தார்கள். ஒரு தாய் குழந்தையின் கையைப் பிடித்து அசைத்துக் காட்டினாள். படகு திரும்பித் துறைமுகத்துக்குள் போனது.

நீந்தலாமா என்று யோசித்தேன். தண்ணீரில் கையை வைத்தபோது எலும்பு வலித்தது. இரண்டு கற்களுக்கு நடுவே குந்தியிருந்து சிறுநீர் கழித்தேன். யாரும் பார்க்கவில்லை என்றாலும் அழுகை வந்தது. வெறும் பை ஒன்றில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, அதை உடம்பில் மாட்டிக்கொண்டேன். பிறகு திரும்பவும் வேலை செய்யத் தொடங்கினேன். அசையாமல் இருந்தால் நடுக்கம் கூடியது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மடங்கவில்லை. முள் குத்தினால் இரத்தம் வந்தது, வலி வரவில்லை. என் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் நகரத்தின் பின்னால் இறங்கும் நேரத்தில் பாய் தெரிந்தது. அவர்கள் ஆசிரியை அம்மாவின் வீட்டில் விறகு அடுக்கிவிட்டு, அவர் செய்த வான்கோழியும் பூசணி அப்பமும் சாப்பிட்டு வந்திருந்தார்கள். அண்ணை தோணியைக் கல்லோடு சேர்த்து, குப்பைப் பைக்குள் நின்ற என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வைத்திருந்த பைகளைப் பார்த்தார்.

"பரவாயில்லை. நல்லா வேலை செய்திருக்கிறீர்," என்றார்.

எனக்கு இனித்தது. உதடு உறைந்து பேச முடியாமல் நின்ற அந்த நேரத்திலும், காற்சட்டை நனைந்து நாறிய அந்த நேரத்திலும், அந்தச் சொல் எனக்கு இனித்தது. அவர் எனக்குச் செய்தவற்றில் நான் மன்னிக்காதது அதைத்தான்.

படகில் அக்கா ஒரு போர்வை எறிந்தார். துறைக்கு வந்ததும் அண்ணை பைகளை எடுத்துக்கொண்டு முன்னால் போக, நான் அக்காவின் கையைப் பிடித்து, ஏன் அவரைத் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

அக்கா கையை இழுத்துக்கொண்டார். "அவர் அரை மணித்தியாலத்திலை திரும்புவம் எண்டுதான் சொன்னவர். நான்தான் சொன்னனான், இருக்கட்டும் எண்டு."

"நான் உங்களுக்கு என்னக்கா செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. நீர் வந்த பிறகுதான் எனக்கு மூச்சுவிடக் கிடைச்சது. குளிர் வந்தால் நீர் வாறதை நிப்பாட்டிடுவீர் எண்டு தெரியும். போகமுதல் அவரின்ரை ஆத்திரம் எல்லாம் உம்மிலை வடிவாத் தீரட்டும் எண்டு நினைச்சன். எனக்குக் கொஞ்சக் காலம் தாங்கும்."

இதை அவர் குரலில் எந்த வெறுப்பும் இல்லாமல் சொன்னார். கடையில் அரிசி எது நல்லது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு சாப்பாட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அண்ணையின் பின்னால் நடந்தார்.

காரில் சூடு போட்டு, கை மடங்கும்வரை இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கணவர் கதை முழுவதையும் கேட்டார். "ஆர் உம்மைப் போகச் சொன்னது?" என்றார். மகள் போனில் அழுதாள். "அம்மா, இது அபியூஸ். யூ ஹாவ் ரு ரிப்போர்ட் இற்," என்றாள். நான் யாரிடம் போய் என்ன சொல்வது? என்னைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்களே. ஆசிரியை அம்மாவுக்கு மட்டும் அழைத்துச் சொன்னேன். காற்று மாறியிருக்கும், ஏரியில் அப்படி நடப்பது உண்டு என்றார். அந்த மனிதர் எங்களுக்காக எவ்வளவு செய்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது என்றார். அதன்பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவில்லை.

மார்கழியில் ஒரு கல்யாண மண்டபத்தில், எனக்குப் பின் மேசையில் இருந்த பெண்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது விளங்கியது. நான் அண்ணைக்குப் பின்னால் திரிந்தேனாம். அவர் விலக்கி வைத்ததும் கதை கட்டுகிறேனாம். அக்கா சொல்லியிருக்கிறார். என் கணவரும் அதைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். காரில் வரும்போது, அது உண்மையா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். சரி என்றார். அதற்குமேல் எங்களுக்குள் அந்தப் பேச்சு இல்லை. ஆனால் அவர் அதைக் கேட்டார்.

வசந்தம் வந்ததும் நான் அதே மலைமுகட்டுக்குக் கீழே இருந்த ஒரு பாய்ப்படகுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகு. யாரும் கத்தாமல் சொல்லித் தந்தார்கள். நான் நன்றாகவே ஓட்டினேன். அங்கேதான் செய்தி தெரிந்தது. கரையேற்றி வைத்திருந்த படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அண்ணை பாரிசவாதம் வந்து விழுந்துவிட்டார். வலப்பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் விளங்கும், பதில் வராது.

படகு விற்கப்படும் என்று நினைத்தேன். ஆனியில் அது தண்ணீரில் நின்றது. சுக்கானில் அக்கா.

புதுத் தொண்டர்கள் இரண்டு பேர் சக்கர நாற்காலியைத் துறையில் நிறுத்தி, அண்ணையைத் தூக்கிப் படகில் இருத்தினார்கள். அக்கா ஒரு பட்டியால் அவரைச் சாய்வோடு சேர்த்துக் கட்டினார். எத்தனை அருமையான மனைவி, அவரை வீட்டில் விடாமல் கூட்டிப்போகிறார் என்று பக்கத்துப் படகுக்காரர் என்னிடம் சொன்னார். அக்கா அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்த விதத்தைப் பார்த்தேன். ஒரு அசைவு வீண் இல்லை. எல்லாம் அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. படகு நகர்ந்தபோது அவர் அண்ணையின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, நான் நின்ற இடத்துக்குக் கேட்கும்படியே பேசினார்.

"சுக்கானை இப்பிடியோ பிடிக்கிறது? சொல்லுங்கோவன். ஏன் பேசாமல் இருக்கிறியள்?"

கொஞ்சம் பொறுத்தார். உண்மையாகவே பதிலை எதிர்பார்ப்பதுபோலப் பொறுத்தார். பிறகு வேறு பக்கமாகத் திருப்பி, "அப்ப இப்பிடியோ?" என்றார். அண்ணையின் இடக்கை மடியில் துடித்தது. தொண்டர்கள் அதைப் பார்த்து, அவருக்கு இன்னும் எவ்வளவு ஆர்வம் என்று சிரித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அக்காவே என்னிடம் வந்தார். ஆள் காணாது, நீர் ஓட்டப் பழகியிருக்கிறீராம், வாரும் என்றார். நடந்த எதையும் சொல்லவில்லை. அண்ணையை இப்படிச் செய்யாதேங்கோ, அக்கா, என்று மட்டும் சொன்னேன்.

"அவரிட்டையும் நீர் இப்பிடித்தான் சொன்னீர்," என்றார் அக்கா. "பிறகு என்ன நடந்தது?"

அவர்களுடைய மகன் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்தார். பல் வைத்தியர், இரண்டு பிள்ளைகள். வைத்தியசாலை விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்து, நான் யார் என்று சொல்லி, பார்த்ததையும் தொண்டர்களிடம் கேட்டதையும் சொன்னேன். வெயிலில் ஒரு தொப்பியோடு மட்டும் கட்டி வைத்திருப்பதையும், தீவில் எல்லாரும் இறங்கிப் போனபின் அவர் தனியே படகில் இருப்பதையும் சொன்னேன். மகன் குறுக்கிடாமல் கேட்டார். மரியாதையான குரல்.

"அன்ரி," என்றார், "நான் அந்த போட்டிலை வளந்த பிள்ளை."

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் கோடையின் கடைசியில் ஒருநாள் நான் என் சின்னப் படகில் துறைக்கு வெளியே நின்றேன். அக்காவின் படகு தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காற்று பலமாக இருந்தது. அண்ணையின் தலையிலிருந்து தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது. அவருடைய இடக்கை மெல்ல எழுந்து வெறுந்தலையைத் தொட்டுப் பார்த்தது. அக்கா திரும்பித் தொப்பி மிதப்பதைப் பார்த்தார். படகைத் திருப்பவில்லை. அண்ணை கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் பின்னால் உருட்டி அதைத் தேடினார். அப்போது என்னைக் கண்டார் என்று நினைக்கிறேன்.

நான் படகைத் திருப்பிப் போய் அந்தத் தொப்பியை எடுத்தேன். நல்ல துணித் தொப்பி. அவர்களை எட்டிப் பிடித்திருக்கலாம். என் படகு இலேசு, காற்றும் எனக்குச் சாதகம். நான் போகவில்லை. கரைக்கு வந்து அதை அன்றைக்குப் பொறுக்கிய மற்றக் குப்பையோடு பைக்குள் போட்டு, பையின் கழுத்தைக் கட்டினேன்.